சித்தி வீட்டு ஊதா வெளிச்சம்

சித்தி எனக்குப் புலனத்தில் அனுப்புவதெல்லாம் முருகன் படமும் காலை வணக்கமும்தான். அதனால், நாலு மாதத்துக்கு முன்னால் ஓர் இரவு, நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் காரில் ஏறும்போது சித்தியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருப்பதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நல்ல செய்தியா வரும்?

"பிள்ள, தம்பி ரூம்ல ராத்திரியெல்லாம் ஊதா கலர்ல லைட்டு எரியுது. என்னடான்னு கேட்டா தக்காளி வளக்குறேங்கிறான். வீட்டுக்குள்ள யாராச்சும் தக்காளி வளப்பாங்களா? நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊதா விளக்கு, தக்காளி. இந்தப் பத்திக்கு ஒரு வாரத்துக்கான விஷயம் கிடைத்தது என்றுகூட நினைத்தேன். வீடு போய்ப் படுத்த பிறகுதான் சிரிப்பு மெல்ல அடங்கியது. வீட்டுக்குள் கூடாரம் கட்டி, ஊதா விளக்குப் போட்டு எதை வளர்க்கிறார்கள் என்பது எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எத்தனை ஆங்கிலப் படங்களில் பார்த்திருக்கிறோம்!

சித்தி இருப்பது கம்போங் குவாந்தானில். கோலசிலாங்கூர்ப் பக்கம் பள்ளிச் சுற்றுலா போனவர்கள் யாரும் அந்த ஊரை மறந்திருக்க மாட்டார்கள். இருட்டியதும் துடுப்புப் படகில் ஏற்றி, சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருக்கும் பெரம்பாங் மரங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மரம் முழுக்க மின்மினிகள். ஒரே தாளத்தில் எரிந்து அணையும். ஆண் மின்மினி பெண்ணைக் கூப்பிடும் பாஷை அது. வேறு வெளிச்சம் வந்து விழுந்தால் அந்தப் பாஷை குழம்பிவிடும். அதனால்தான் படகில் கேமரா வெளிச்சம்கூடப் போடக்கூடாது என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், ராத்திரி ஒரு ஜன்னல் மட்டும் ஊதாவாக எரிந்தால் எத்தனை கண் பார்க்கும்! "பக்கத்து வீட்டு மக்சிக் கேட்டுட்டாங்க, என்ன மகன் ரூம்ல டிஸ்கோவான்னு" என்றார் சித்தி மறுநாள் போனில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினேன். சித்தியும் என் அம்மாவும் அந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தோட்டத்தைவிட்டு வெளியேறின. சித்தப்பா லோரி ஓட்டினார். ஐம்பத்தைந்து வயதில் இபிஎஃப் பணத்தை எடுத்துச் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். சித்தியின் பெயரில்தான் பதிந்தார். "நான் ரோட்டுல திரியறவன், வீடு உன் பேர்லயே இருக்கட்டும்" என்றாராம். இரண்டு வருடத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரே மகன். வயது 24. கணினித் துறையில் டிப்ளோமா. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் சேவை வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அதன் பிறகு பெரும்பாலும் அறைக்குள்தான்.

"க்கா, அம்மா சொல்லித்தான் வந்தியா?" என்றான் என்னைப் பார்த்ததும்.

"சித்தி சுட்ட தோசைக்கு வந்தேன். உன் தக்காளியையும் பாத்துட்டுப் போலாம்னு."

அறை மூலையில் துணி அலமாரி அளவுக்குக் கறுப்புக் கூடாரம். உள்ளே ஒரு எல்இடி விளக்கு, சின்ன மின்விசிறி, வெப்பமானி. நாலு தொட்டி. இரண்டில் தக்காளி நாற்று, ஒன்றில் மிளகாய் நாற்று. மூன்றுமே கம்பி போல நெட்டையாக வளர்ந்து, தலை சாய்ந்து கிடந்தன. நாலாவது தொட்டிதான் இருந்ததிலேயே பெரியது. நல்ல மண் போட்டு நிரப்பியிருந்தான். அதில் எதுவும் இல்லை.

"இது யாருக்கு?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. கதவைச் சாத்தினான். கைப்பேசியை எடுத்துக் காட்டினான். ஏதோ வெளிநாட்டு விதைக் கடை. வாங்கும் பட்டியலில் ஐந்து கஞ்சா விதைகள் இருந்தன. பணம் இன்னும் கட்டவில்லை. அவன் அட்டையில் காசில்லை. 'தக்காளி விதை வாங்கணும்' என்று சித்தியின் அட்டையைக் கேட்டிருக்கிறான். சித்தியும் சரி என்றிருக்கிறார்.

"ஒரே ஒரு செடிக்கா. விக்கிறதுக்கெல்லாம் இல்ல. யாருக்கும் குடுக்க மாட்டேன். எனக்கு மட்டும். தாய்லாந்துல வீட்டுக்கு வீடு வளக்குறாங்க."

"யார் சொன்னது?"

"நீதான். ரேடியோவுல."

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2022 ஜூன் 9ஆம் தேதி தாய்லாந்து கஞ்சாச் செடியைத் தன் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. வீடுகளுக்குப் பத்து லட்சம் செடிகள் இலவசமாகக் கொடுக்கப்போவதாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் அறிவித்திருந்தார். எங்களைப் போன்ற நிகழ்ச்சிக்காரர்களுக்கு இப்படி ஒரு செய்தி கிடைத்தால் விடுவோமா? நான் அதை வாசித்து, "ஹாட்யாய் போறவங்க திரும்பி வரும்போது பையைப் பாத்துக்குங்க, செடி எதுவும் ஒட்டிக்கிட்டு வந்துடப் போகுது" என்று ஒரு ஜோக் அடித்து, பாட்டைப் போட்டுவிட்டேன். எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருக்கும். அந்தச் செடி எல்லை தாண்டி நம் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தெரியாது. கல்லூரியில் ஊடகவியல் படித்தபோது, பாதிச் செய்தி பொய்யைவிட ஆபத்து என்று பாடம் நடத்தினார்கள். பரீட்சையில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

தோசையைப் பாதியில் வைத்துவிட்டு, 'போன் பேசணும்' என்று காரில் போய் உட்கார்ந்தேன். என்னோடு படித்துப் பிறகு சட்டம் படிக்கப் போன தோழி ஒருத்தி இருக்கிறாள். "ஒருத்தர் வீட்டுல ஒரே ஒரு கஞ்சாச் செடி, சொந்த உபயோகத்துக்கு. மாட்டினா என்ன?" என்று கேட்டேன். அபராதம், மிஞ்சிப் போனால் கொஞ்ச நாள் சிறை என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சிரிக்கவே இல்லை. "பேப்பர் பேனா எடு" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். இதைப் படிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் 6பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. கஞ்சா கிடைக்கக்கூடிய செடியை நடுவதையும் வளர்ப்பதையும் பற்றிய பிரிவு. தண்டனை ஆயுள் சிறை. அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. நம் நாட்டில் ஆயுள் சிறை என்றால் 30 ஆண்டு. இத்தனை செடிக்கு மேல் என்றால்தான் குற்றம் என்று அந்தப் பிரிவில் எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஒன்றும் ஒன்றுதான், நூறும் ஒன்றுதான். விற்கவா சொந்தத்துக்கா என்றும் அது கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கொஞ்சம் கஞ்சாவை வெறுமனே கையில் வைத்திருந்து பிடிபடுபவருக்கு 6ஆம் பிரிவின் கீழ் அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அல்லது 20,000 வெள்ளி அபராதம், அல்லது இரண்டும். காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவனைவிட வீட்டில் நட்டு வளர்ப்பவனுக்குப் பல மடங்கு தண்டனை. 'கடத்தல்காரன்கிட்ட வாங்காம நானே வளத்துக்கிட்டா யாருக்கு என்ன கெடுதல்' என்று நம் பையன்கள் நினைக்கிறார்கள். சட்டத்தின் கணக்கு நேர் எதிராக இருக்கிறது.

அதோடு முடியவில்லை. 200 கிராம், அதற்கு மேல் கஞ்சா கைவசம் இருந்தால், நீங்கள் அதைக் கடத்துகிறீர்கள் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. கடத்தலுக்கான பிரிவு 39பி. கடத்தலுக்கு 1975இல் மரண தண்டனை கொண்டுவந்தார்கள். 1983இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். 2023 ஜூலை 4ஆம் தேதியிலிருந்து கட்டாயம் என்பது போய்விட்டது. மரண தண்டனை போகவில்லை. தூக்கா, ஆயுளும் பிரம்படியுமா என்று நீதிபதி முடிவு செய்யலாம். மாற்றம் அவ்வளவுதான்.

"பெயில்ல எடுத்துடலாம்தானே?" என்று கேட்டேன்.

"41பி" என்றாள். ஐந்து ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை வரக்கூடிய போதைப்பொருள் குற்றம் சாட்டப்பட்டால் பிணை கிடையாது. வழக்கு முடியும்வரை உள்ளேதான். கடைசியில் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தாலும் உள்ளே இருந்த நாள் திரும்பி வராது.

கடைசியாக அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. 6பி பிரிவு, நட்டவரை மட்டும் பிடிப்பதில்லை. தனக்குச் சொந்தமான, அல்லது தான் குடியிருக்கும் நிலத்தில், அங்கே இருக்கும் தொட்டியிலோ பாத்திரத்திலோ, அப்படிப்பட்ட செடியை வளர்க்க விடுகிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

வீடு சித்தியின் பெயரில் இருக்கிறது. விதைக்குக் காசு போகப்போவது சித்தியின் அட்டையிலிருந்து. தொட்டி, போன தீபாவளிக்குச் சித்தி ரோஜாச் செடி வைக்க வாங்கியது.

திரும்பி உள்ளே போனேன். தம்பி விவாதத்துக்குத் தயாராக இருந்தான். நம் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் படிப்பு நிறைய. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் சொன்னவை பொய்யும் இல்லை.

"கனடாவுல 2018லருந்து ஒரு வீட்டுக்கு நாலு செடி வளக்கலாம். ஜெர்மனியில 2024 ஏப்ரல்லருந்து ஆளுக்கு மூணு. நம்ம சித்த மருத்துவத்துலயே கஞ்சா இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல ஒரு கமிஷன் போட்டு, அளவா எடுத்தா பெருசா கெடுதல் இல்லன்னு அவனே எழுதியிருக்கான்."

உண்மைதான். 1893இல் அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தது. அதன் முடிவு ஏறக்குறைய அவன் சொன்னதுதான். ஐநா போதைப்பொருள் ஆணையமும் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்தது. சில கடுமையான வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து ஒன்றை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. நம் நாட்டிலும் 2021இல் அன்றைய சுகாதார அமைச்சர், சட்டப்படி பதிவு பெற்ற கஞ்சா மருந்துப் பொருள் இருந்தால் மருத்துவத்துக்குப் பயன்படுத்தத் தடையில்லை என்று தெளிவுபடுத்தினார். பதிவு, மருத்துவர், மருந்துக் கடை என்று போகிற பாதை அது. படுக்கையறைத் தொட்டிக்கு அதில் இடமில்லை.

"எல்லாம் சரிடா. அந்த ஏழு தொகுதியையும் தூக்கிக்கிட்டு ஷா ஆலம் கோர்ட்டுக்குப் போக முடியுமா?" என்றேன்.

அவனுக்கு ஷா ஆலம் நினைவிருந்தது. 2018 ஆகஸ்ட் 30ஆம் தேதி அங்கே உயர்நீதிமன்றம் 29 வயது இளைஞர் ஒருவருக்குக் கஞ்சா எண்ணெய் வழக்கில் தூக்குத் தண்டனை விதித்தது. நோயாளிகளுக்கு உதவத்தான் வைத்திருந்தார் என்று அவரை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். நாடே பேசியது. தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அன்றைய பிரதமர் துன் மகாதீரே சொன்னார். நல்ல எண்ணத்தோடு செய்தார் என்று நாடு பேசியது வேறு, நீதிமன்றத்தில் நடந்தது வேறு.

பக்கத்தில் சிங்கப்பூரையும் சொன்னேன். 2023 ஏப்ரல் 26ஆம் தேதி தங்கராஜு சுப்பையா சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். 46 வயது. 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது குற்றச்சாட்டு. கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்கள்தான் அவரை வழக்கோடு இணைத்தன. அந்த வாரம் நாமெல்லாம் முகநூலில் எழுதினோம், வருத்தப்பட்டோம், பிறகு மறந்துவிட்டோம். அவர் குடும்பம் மறந்திருக்குமா?

நீ சொல்லும் தாய்லாந்தே 2025 ஜூனில் கஞ்சாப் பூவுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மாற்றிவிட்டது என்றேன். அது அவனுக்குத் தெரியவில்லை. நானும் வானொலியில் சொல்லவில்லை. அதில் ஜோக் அடிக்க ஒன்றும் இல்லையே.

கடைசியாகத்தான் 6பியில் வீட்டுக்காரரைப் பற்றிய வரியைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே சித்தி தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதேக்கா."

"தெரியாதுன்னு சித்திதான் கோர்ட்டுல நின்னு சொல்லணும். நம்புவாங்களா மாட்டாங்களாங்கிறது அப்புறம்."

"ரோத்தான் அடிப்பாங்களா, அம்மாவ?"

"பெண்களுக்கு ரோத்தான் கிடையாது."

"அப்ப ஜெயில்?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் கைப்பேசியை எடுத்தான். பட்டியலில் இருந்ததை அழித்தான். அந்தக் கடைக் கணக்கையும் அழித்தான். என்னிடம் காட்டவேண்டும் என்று நினைத்துக் காட்டினானா, தனக்காகச் செய்தானா, தெரியாது.

இங்கேயே இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். சட்டத்தைச் சொன்னோம், பையன் திருந்தினான், சுபம். ஆனால் ஒரு கேள்வியை நான் கடைசிவரை கேட்கவே இல்லை. கிளம்பும்போதுதான் தோன்றியது.

"ஏன்டா வேணும் அது உனக்கு?"

"தூக்கம் வரலக்கா."

சித்தப்பா தூக்கத்தில் போனவர். காலையில் காப்பி கொண்டுபோய் எழுப்பியது இவன்தான். அதன் பிறகு இரவில் கண்ணை மூடினால் பயம். மூன்று மணி, நாலு மணிவரை விழித்திருப்பான். அம்மா அறையில் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கதவில் காதை வைத்துக் கேட்பானாம். இரண்டு வருடமாக. நண்பர்களோடு ஹாட்யாய் போனபோது அங்கே ஒரு தடவை பிடித்திருக்கிறான். "அன்னைக்கு ராத்திரிதான் அப்பா செத்ததுக்கப்புறம் நான் முழுசாத் தூங்கினேன்" என்றான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. நண்பர்களிடம் சொல்லவில்லை. கைப்பேசியிடம்தான் கேட்டிருக்கிறான். அது விதைக் கடையைக் காட்டியிருக்கிறது.

இந்தப் பகுதியையும் பிறகு மருத்துவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கஞ்சாவில் இருக்கும் டிஎச்சி என்ற பொருள் சிலருக்குச் சீக்கிரம் தூக்கம் வரவழைக்கும். ஆனால் தினமும் எடுத்துப் பழகியவர் நிறுத்தினால் தூக்கமின்மையும் கெட்ட கனவும்தான் முதலில் வந்து நிற்கும். அதற்குப் பயந்தே மறுபடி எடுப்பார்கள். இளம் வயதில் அதிகமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் அபாயமும் கூடுகிறது. மூளை முழு வளர்ச்சி அடைய இருபதுகளின் நடுப்பகுதிவரை ஆகும். பயமும் துக்கமும் சேர்ந்து கெடுத்த தூக்கத்துக்கு வேறு வைத்தியம் இருக்கிறது என்றார். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் மனநலப் பரிசோதனை செய்கிறார்கள். கேள்வித்தாளில் பதில் எழுதுவதில் தொடங்கும், அவ்வளவுதான். யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 15555. ஏற்கனவே பழக்கம் இருப்பவர்கள் தாமாக முன்வந்து சிகிச்சை கேட்க ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தை நாடலாம். போலீஸ் வந்து கதவைத் தட்டிய பிறகு போவதற்கும் நாமாகப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்த வாரம் நான்தான் அவனை கிளினிக்குக் கூட்டிப் போனேன். "யாராச்சும் தெரிஞ்சவங்க பாத்துடுவாங்களோ" என்று தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான். நம் ஊரில் மகன் நீரிழிவுக்கு மருந்து எடுத்தால் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வோம். மனசுக்கு மருத்துவரைப் பார்த்தால் சொல்ல மாட்டோம். சித்தியிடம் முழுக் கதையையும் அவனே சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தேன். சொன்னான். சித்தி திட்டவில்லை. "நானுந்தான்டா தூங்கறதில்ல. நீ கதவுல காது வைக்கிறது எனக்குத் தெரியும்" என்றாராம்.

இனி அந்தக் கூடாரத்தின் கதை. அவ்வளவு காசு போட்டு வாங்கியதை எறிய மனசு வரவில்லை. நட்டதை ஒழுங்காக வளர்த்துப் பார் என்றேன். தோட்டத்து லயத்தில் எங்கள் ஆயா, வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் மரவள்ளி, முருங்கை, கருவேப்பிலை, ஓமவல்லி எல்லாம் வைத்திருந்தவர். சித்தி அவர் மகள். முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார்: "வெளிச்சம் பத்தாமத்தான்டா இப்படிக் கொக்கு மாதிரி நிக்குது. தண்ணியும் ஜாஸ்தி." விளக்கைக் கீழே இறக்கினான். மண் காய்ந்த பிறகே தண்ணீர் என்று ஆனது. தண்டு தடித்தது. வீட்டுக்குள் தேனீயும் காற்றும் வராது என்பதால் பூ வந்ததும் தினம் காலையில் செடியை மெல்லத் தட்டிவிட வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டான். சித்தி அதற்கென்றே காலையில் அவன் அறைக்குப் போகிறார். இரண்டு வருடமாக அம்மா நுழையாத அறை அது.

ராத்திரி விளக்குக் கிடையாது. பகலில் எரியவிட்டு, ஏழு மணிக்கு அணைத்துவிடுகிறான். மின்மினிக்காக என்கிறான். மின்சாரக் கட்டணத்துக்காக என்கிறார் சித்தி. ஏழு மணிக்கு மேல் அந்த ஜன்னல் இருட்டாகத்தான் இருக்கிறது. தூக்கம்? முழுதாகச் சரியாகிவிடவில்லை. இரண்டு மணிக்காவது வருகிறது என்கிறான். ஆலோசகரை மாதம் ஒரு முறை பார்க்கிறான். வேலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

நான் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நேயர்கள் அதிகம் கேட்கும் நேரத்தில், "முன்னால ஒரு நாள் தாய்லாந்துச் செடியைப் பத்தி ஒரு ஜோக் அடிச்சேன், பாதியை மட்டும்தான் சொன்னேன், மீதியை இப்போ சொல்றேன்" என்று தொடங்கி, 6பியையும் 41பியையும் சொன்னேன். மூன்று நிமிடம். பின்னணி இசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு மூன்று அழைப்புகள் வந்தன. மூன்றுமே அம்மாக்கள். ஒருவர் கேட்டார்: "நம்ம வீட்டுல இல்லம்மா, தெரிஞ்சவங்க வீட்டுல. விதை போட்டிருந்தா என்ன பண்றது?"

முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசச் சொல்லுங்கள், இன்றைக்கே, என்றேன். பிறகு அந்தப் பிள்ளையிடம் எதற்காக என்று கேட்கச் சொன்னேன். அந்தக் கேள்வியைச் சத்தம் போடாமல் கேட்க வேண்டும். நானே அதைக் கடைசியாகத்தான் கேட்டேன்.

போன வாரம் சித்தியிடமிருந்து மறுபடி ஒரு குரல் பதிவு. இந்த முறை பயப்படவில்லை, உடனே போட்டுக் கேட்டேன்.

"பிள்ள, தக்காளி பூவெல்லாம் கொட்டிப் போச்சு. கேமரன்மலைச் சாமான் நம்ம ஊர்ச் சூட்டுக்கு நிக்குமா? ஆனா மிளகாய் நல்லாக் காய்ச்சிருக்கு. தம்பி உனக்குன்னு ஒரு பை எடுத்து வச்சிருக்கான். ஞாயித்துக்கெழமை வந்துடு."